மூளையில் ரத்தக்கசிவு: குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்குக் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். டாக்டரிடம் பேசக் கிடைப்பதோ சில நிமிடங்கள். காதில் விழும் சொற்களுக்கு என்ன பொருள், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது. அதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்பதை அவரை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். இந்த நிமிடமே யாருக்காவது வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் துவண்டு, பேச்சு குழறினால், அல்லது வாழ்நாளில் கண்டிராத தலைவலி திடீரென்று வந்திருந்தால், படிப்பதை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூளையில் ரத்தக்கசிவு என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு ரத்தக்குழாய் வெடித்தோ கிழிந்தோ ரத்தம் வெளியே வருகிறது. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் போக இடம் உண்டு. மண்டை ஓட்டுக்குள் அப்படி இடமில்லை. அது இறுக மூடிய பெட்டி. மூளை, குழாய்களில் ஓடும் ரத்தம், மூளையைச் சுற்றியிருக்கும் சுமார் 150 மி.லி. நீர், இந்த மூன்றும் ஏற்கெனவே அதை நிரப்பியிருக்கின்றன. புதிதாக ரத்தக்கட்டி ஒன்று சேர்ந்தால் முதலில் அந்த நீர் கொஞ்சம் விலகி இடம் கொடுக்கும். அதற்கு மேல் அழுத்தம் மளமளவென்று ஏறும். மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்கும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்த இழப்பு அல்ல, இந்த நெரிசல்.

அளவைச் சொன்னால் பலருக்கு நம்ப முடியாது. 30 மி.லி. ரத்தம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி இருந்தாலே டாக்டர்கள் அதைப் பெரிய கசிவாகக் கணக்கிடுகிறார்கள். மூளைத்தண்டில் என்றால் அதைவிட மிகக் குறைந்த அளவே உயிருக்கு ஆபத்து.

எல்லா ரத்தக்கசிவும் ஒன்றுதானா?

இல்லை. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "எந்த இடத்தில் கசிந்திருக்கிறது?" என்பதுதான். காரணம், சிகிச்சை, பிழைக்கும் வாய்ப்பு எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

வெளியிலிருந்து உள்ளே வருவோம். மண்டை எலும்புக்கும் மூளையின் தடித்த வெளியுறைக்கும் நடுவே கசிவது ஒரு வகை. பொட்டுப் பகுதியில் அடிபட்டு எலும்பு விரிசல் விடும்போது, அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிவதால் பெரும்பாலும் இது வருகிறது. அந்த உறைக்கு அடியில் கசிவது இரண்டாவது. இங்கே கிழிவது மெல்லிய சிரைகள். அதற்கும் உள்ளே, நடுவிலிருக்கும் மெல்லிய உறைக்குக் கீழே, நீர் ஓடும் இடைவெளியில் ரத்தம் பரவுவது மூன்றாவது. மூளைத் திசுவுக்குள்ளேயே கசிந்து கட்டியாவது நான்காவது. மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளுக்குள் ரத்தம் இறங்குவது ஐந்தாவது. தனியாக வருவதைவிட மற்ற வகைகளோடு சேர்ந்தே இது அதிகம் வரும். அப்படி வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

பக்கவாதமும் இதுவும் ஒன்றா?

பக்கவாதத்தில் இரண்டு வகை. ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு வருவது ரத்தக்குழாய் அடைப்பு. மீதிப் பேருக்கு ரத்தக்கசிவு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். அனுபவம் மிக்க டாக்டரால்கூட ஸ்கேன் இல்லாமல் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். கசிவில் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் எமர்ஜென்சியில் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நோயாளியை முதலில் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இது ஏன் வருகிறது?

அடிபடுவதைத் தவிர்த்துப் பார்த்தால், முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். பல ஆண்டுகள் பிபி ஏறியே இருந்தால், மூளையின் ஆழத்தில் இருக்கும் நூலளவு தமனிகளின் சுவர் கெட்டுப்போகும். அதனால்தான் பிபியால் வரும் கசிவு பெரும்பாலும் மூளையின் நடு ஆழத்திலோ, மூளைத்தண்டிலோ, சிறுமூளையிலோ வருகிறது.

வயதானவர்களுக்கு மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கசிந்தால் டாக்டர் வேறு காரணத்தைத் தேடுவார். அமிலாய்டு என்ற புரதம் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அதை உளுத்துப்போகச் செய்யும் நோய் அது; திரும்பத் திரும்பக் கசியும் குணம் உடையது. இளவயதினரில் பிறவியிலேயே தமனியும் சிரையும் தாறுமாறாகப் பின்னிக்கொண்டிருக்கும் முடிச்சு காரணமாக இருக்கலாம். உறைக்குக் கீழே நீர் இடைவெளியில் வரும் கசிவில், அடிபடாதவர்களில் ஐந்தில் நால்வருக்குக் காரணம் அன்யூரிசம், அதாவது தமனிச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பைபோலப் புடைத்து வெடிப்பது.

இவை தவிர ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், கல்லீரல் நோய், தட்டணுக்குறைவு, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா, மூளைக்கட்டி, மூளைச் சிரைகளில் அடைப்பு (பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இதன் வாய்ப்பு கூடும்), கொக்கைன் போன்ற போதைப்பொருள்கள், மிதமிஞ்சிய குடி ஆகியவையும் காரணமாகலாம்.

"அவருக்கு பிபி இருந்தது. ஆனா ஒரு தொந்தரவும் இல்லையே, அதனாலதான் மாத்திரையை விட்டுட்டார்."

அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கேட்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பிபி வலிக்காது. 180-ஐத் தொட்டுக்கொண்டு பல ஆண்டுகள் சாதாரணமாக நடமாடலாம். அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் எடுத்த அளவு 186/108. அன்றைக்கு அதைக் குறைக்க நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தவர் சில மணி நேரத்தில் இறந்தார். டாக்டர் பார்த்தபோது அளவு 300/190. ஒரு நாட்டின் அதிபருக்கே அன்று கிடைக்காத மருந்து இன்று தினம் ஒரு மாத்திரையாகக் கிடைக்கிறது. 2001-ல் வெளியான 'ப்ராக்ரஸ்' ஆய்வு, ஏற்கெனவே பக்கவாதம் வந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. பிபி மருந்து எடுத்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொந்தரவு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள்.

என்னென்ன அறிகுறிகள்?

மூளைத் திசுவுக்குள் கசிந்தால் ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், பார்வைக் குறைபாடு, வாந்தி, தலைவலி, போகப்போகத் தூக்கக்கலக்கம். நிமிடத்துக்கு நிமிடம் மோசமாவது இதன் இயல்பு. சிறுமூளையில் என்றால் கை கால் நன்றாக இருக்கும். ஆனால் நிற்க முடியாது, தலை சுற்றும், வாந்தி நிற்காது. இதைப் பித்தம் என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்து வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு.

அன்யூரிசம் வெடித்தால் வரும் தலைவலிக்குத் தனி அடையாளம் உண்டு. மெல்ல மெல்லக் கூடாது. வந்த நொடியிலோ ஒரு நிமிடத்துக்குள்ளோ உச்சத்தைத் தொட்டுவிடும். "யாரோ மண்டையில் ஓங்கி அடித்த மாதிரி" என்று நோயாளிகள் சொல்வார்கள். "சரியாக எந்த நேரத்தில் ஆரம்பித்தது?" என்று கேட்டால், "பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது" என்று அந்தக் கணத்தையே சொல்லிவிடுவார்கள். கூடவே கழுத்து விறைக்கும், வெளிச்சம் கூசும், சிலர் மயங்கி விழுவார்கள். வலி மாத்திரையில் குறைந்துவிட்டது என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். நெஞ்சுவலிக்கு அது நல்லது என்று கேள்விப்பட்டு, பக்கவாதத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். கசிவாக இருந்தால் அது கேடு. பிபி ஏறியிருக்கிறது என்று வீட்டில் இருக்கும் மாத்திரையை நாக்கின் கீழ் வைக்காதீர்கள். தண்ணீர், காபி எதுவும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் வார்ஃபரின் சாப்பிடுகிறாரா, டாபிகாட்ரானா, அபிக்ஸபானா என்பதைப் பொறுத்து, அதன் வேலையை முறிக்கும் மருந்தே மாறும். அந்த அட்டை கையில் இருந்தால் விலைமதிப்பில்லாத நேரம் மிச்சமாகும். போகும் இடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அங்கே இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா என்று ஆம்புலன்ஸில் இருந்தே போன் போட்டுக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. தானே உசத்தி? ஏன் சி.டி. எடுக்கிறார்கள்?

வேகம்தான் காரணம். சி.டி. ஓரிரு நிமிடத்தில் முடியும். நிலைகுலைந்த நோயாளிக்கும் எடுக்கலாம். புது ரத்தம் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சாம்பல் நிற மூளைக்கு நடுவே வெள்ளைத் திட்டு என்றால் திசுவுக்குள் கசிவு. எலும்பை ஒட்டி இருபுறமும் குவிந்த வில்லை வடிவில் இருந்தால் வெளியுறைக்கு மேலே. பிறை வடிவில் நீண்டிருந்தால் வெளியுறைக்கு அடியில். மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் மில்லிமீட்டரில் அளப்பார்கள். படத்தை டாக்டர் காட்டினால் இந்த மூன்று வடிவங்களையும் நீங்களே கண்டுகொள்ளலாம். காட்டச் சொல்லிக் கேட்பதில் தயங்காதீர்கள்.

இந்தக் கருவி வருவதற்கு முன்பு உயிருள்ள மனிதரின் மூளைக்குள் ரத்தம் இருப்பதை நேராகப் பார்க்க வழியே கிடையாது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் 1971-ல் லண்டனில்தான் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. பிற்பாடு உதவும். பழைய நுண்கசிவுகள், மறைந்திருக்கும் மூளைக்கட்டி, அமிலாய்டு நோயின் தடயம் போன்றவற்றை அதுதான் காட்டும்.

சி.டி.யில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

திடீர்த் தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்திருந்தால் சி.டி.யை ஏறக்குறைய முழுமையாக நம்பலாம். நாளாக ஆக, கசிந்த ரத்தம் கரைந்து படத்தில் மங்கிவிடும். ஒரு வாரம் ஆனால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போகலாம். அப்போது முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால், சிதைந்த ரத்தத்தின் மஞ்சள் நிறம் காட்டிக்கொடுக்கும். அந்த நிறம் தெளிவாக வர ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும் என்பதால் சில நேரம் காத்திருந்து எடுப்பார்கள். முதுகு ஊசி என்றால் பலருக்குப் பயம். வெடித்த அன்யூரிசத்தைத் தவறவிடுவது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. தயவுசெய்து மறுக்காதீர்கள்.

ஆஞ்சியோ எதற்கு?

எந்தக் குழாயிலிருந்து கசிந்தது என்று பார்க்க. முதலில் சி.டி.யிலேயே மருந்து செலுத்தி எடுப்பார்கள். தேவைப்பட்டால் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயை அனுப்பியும் பார்ப்பார்கள்.

முதல் சில மணி நேரத்தில் என்ன சிகிச்சை?

பலர் அறியாத விஷயம், ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருக்கலாம் என்பதுதான். மூளைத் திசுவுக்குள் கசிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் நாளிலேயே கட்டி வளர்கிறது. அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அந்த வளர்ச்சியைத் தடுப்பதே முதல் வேலை.

மேல் அளவு பிபியை 140-ஐ ஒட்டி, சீராக, ஏறி இறங்காமல் கொண்டுவருவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வேலையை முறிப்பார்கள்: வார்ஃபரினுக்கு வைட்டமின் கே-யும் உறைகாரணிச் செறிவும், டாபிகாட்ரானுக்கு இடருசிசுமாப், ஹெப்பாரினுக்கு புரோட்டமின். சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பார்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்த நான்கையும் ஒன்றாக, விரைவாகச் செய்தால் பலன் உண்டா என்று பத்து நாடுகளில் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தது, 2023-ல் வெளியான 'இன்டராக்ட்-3' ஆய்வு. இறப்பும் ஊனமும் குறைந்தன. புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை; கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ததுதான் வித்தியாசம்.

தலைப்பக்கத்தைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி வைப்பது, மூளை வீக்கத்துக்கு மானிட்டால் அல்லது அடர் உப்புக் கரைசல், மூச்சு பாதுகாப்பாக இல்லையென்றால் வென்டிலேட்டர், வலிப்பு வந்தால் அதற்கு மருந்து என்று மற்றவை தொடரும்.

ஏன் ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுக்கவில்லை?

"உள்ளே கட்டி இருக்கு, எடுத்துட்டா சரியாயிடுமே" என்று தோன்றுவது இயல்பு. ஆழத்தில் இருக்கும் கட்டியை எட்ட, நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். 2005-ல் வெளிவந்த 'ஸ்டிச்' ஆய்வில் 1,000-க்கும் மேற்பட்டவர்களில், சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்கும் முதலில் மருந்தோடு கவனித்தவர்களுக்கும் ஒட்டுமொத்தத்தில் வித்தியாசம் இல்லை. எனவே ஆபரேஷன் செய்யவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

ஆனால் சில இடங்களில் ஆபரேஷன் உயிர் காக்கும். சிறுமூளையில் 15 மி.லி.க்கு மேல் கட்டி இருந்தாலோ மூளைத்தண்டை நசுக்கினாலோ தாமதிக்க மாட்டார்கள். எலும்புக்கும் உறைக்கும் நடுவே பெரிய கசிவு என்றால் உடனே திறப்பார்கள். நீர் அறைகள் அடைபட்டால் மெல்லிய குழாய் செருகி நீரை வெளியே வடிப்பார்கள். 2024-ல் வந்த 'என்ரிச்' ஆய்வு, மேற்பரப்பை ஒட்டிய பெரிய கட்டிகளைச் சிறு துளை வழியே 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் பலன் இருப்பதைக் காட்டியது. எனவே "ஆபரேஷன் செய்யலாமா?" என்பதோடு நிறுத்தாமல், "கட்டி எவ்வளவு மி.லி., ஆழத்திலா மேலேயா?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

அன்யூரிசத்தை அடைத்துவிட்டார்கள். ஏழு நாளாகியும் ஐ.சி.யூ.வை விட்டு அனுப்பவில்லையே?

வெடித்த இடம் மறுபடி வெடிக்காமல் இருக்க, மண்டையைத் திறந்து கிளிப் போடுவார்கள், அல்லது ரத்தக்குழாய் வழியே போய் பிளாட்டினம் சுருள்களால் நிரப்புவார்கள். அதோடு கதை முடிவதில்லை. சிந்திய ரத்தம் சுற்றியுள்ள தமனிகளை உறுத்தி, ஏறத்தாழ 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை அவற்றைச் சுருங்க வைக்கலாம். சுருங்கினால் மூளைக்கு ரத்தம் போகாமல் பக்கவாதம் வரும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஏழாம் நாள் குழம்பிப் பேசுவது இதனால் இருக்கலாம். இதற்காகத்தான் நிமோடிபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 21 நாள் கொடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் நடுராத்திரி வேளையை மட்டும் விட்டுவிடும் வீடுகள் உண்டு; அலாரம் வைத்துக் கொடுங்கள்.

அடிபட்டவுடன் நன்றாகத்தானே பேசினார்?

எலும்பை ஒட்டிய கசிவின் கொடுமையே இதுதான். அடிபட்டதும் லேசாக மயங்கி, தெளிந்து, இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே தமனி ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்து, நன்றாக இருப்பதாகச் சொல்லி முதலில் உதவியை மறுத்தார். இரண்டு நாளில் இறந்தார். தலையில் அடிபட்ட பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக்கலக்கம், வலிப்பு, குழப்பம், மூக்கு காது வழியே தெளிந்த நீர் என எது வந்தாலும் உடனே போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடும் முதியவர் என்றால் இவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அப்பா ஒரு மாதத்துக்கு முன்னால் பாத்ரூமில் லேசாக வழுக்கினார். இப்போது நடை தள்ளாடுகிறது, மறதி வருகிறது. வயசாச்சு, அதனாலா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சி.டி. எடுங்கள். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்கும். மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சிறு இடி போதும், கிழிந்துவிடும். சிரை ரத்தம் என்பதால் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து மூளையை அமுக்கும். பலருக்கு விழுந்ததே நினைவிருக்காது. மறதி நோய் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், மண்டையில் சிறு துளையிட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்ததும் எழுந்து நடப்பதுண்டு. மூளை நோய்களில் இவ்வளவு நல்ல பலன் தருபவை குறைவு.

மறுபடி சேரும் ஆபத்து இருப்பதால் ஓரிரு நாள் வடிகுழாய் வைப்பார்கள். 2009-ல் வந்த ஓர் ஆய்வில், வடிகுழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்குத் திரும்பச் சேர்ந்தது. வைத்தவர்களில் ஏறத்தாழ 9 சதவீதம்.

பச்சிளங்குழந்தைக்கும் வருமா?

வரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நீர் அறைகளை ஒட்டிய மென்மையான குழாய்களில் கசியும். நிறைமாதக் குழந்தைக்கு வைட்டமின் கே குறைபாட்டால் வருவதைப் பிறந்தவுடன் போடும் ஒரே ஊசி தடுக்கிறது.

நர்ஸ் மணிக்கொரு தரம் எழுப்பிக்கொண்டே இருக்கிறார். தூங்க விடக் கூடாதா?

அவர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இன்று என்ன மாதம் என்பார், "என் விரலை அழுத்துங்க, விடுங்க" என்பார், டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்ப்பார். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு 15-க்கு எவ்வளவு என்று எழுதுவார். 1974-ல் கிளாஸ்கோவில் உருவான அளவுகோல் அது. 14-ஆக இருந்தது 12 ஆனால் உடனே மறுபடி ஸ்கேனுக்குக் கொண்டுபோவார்கள். நோயாளியின் தூக்கம் கெடுவது கஷ்டம்தான். ஆனால் உள்ளே நடக்கும் மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த டார்ச்தான்.

பிழைப்பாரா?

மழுப்பாமல் சொல்கிறேன். மூளைத் திசுவுக்குள் தானாகக் கசிந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் இறக்கிறார்கள். வயது, கட்டியின் அளவு, இடம், நீர் அறைக்குள் ரத்தம் இறங்கியதா, வந்தபோது சுயநினைவு எப்படி இருந்தது என்ற ஐந்தும் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன.

அதே சமயம், முதல் நாளிலேயே நம்பிக்கையை விட வேண்டாம். தீவிர சிகிச்சையை நிறுத்தும் முடிவை, நோயாளியே முன்பு அப்படிச் சொல்லி வைத்திருந்தாலொழிய, இரண்டாம் நாள் முடியும்வரை தள்ளிப்போடச் சொல்கின்றன அமெரிக்க நெறிமுறைகள். சிகிச்சையைச் சீக்கிரம் குறைத்ததாலேயே இறந்தவர்கள் உண்டு என்று ஆய்வுகள் காட்டியதால் வந்த பரிந்துரை அது. யாராவது அவசரப்படுத்தினால் "இரண்டு நாள் பார்க்கலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

கை கால் திரும்ப வருமா?

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆறு மாதம்வரை நன்றாகத் தெரியும். அதன் பிறகும் மெல்லத் தொடரும். நிலைமை சீரானதும் படுக்கையிலேயே பிசியோதெரபி தொடங்கும். விழுங்குவதைப் பரிசோதித்த பிறகே வாய்வழி உணவு. பேச்சுப் பயிற்சியை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். நடக்கத் தொடங்கியவர்கள் பலரையும் அதிகம் வாட்டுவது சொல்ல வராத வார்த்தைதான். எரிச்சலும் அழுகையும் களைப்பும் நோயின் பகுதியே. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, கேளுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மறுபடி தொடங்கலாமா?

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். செயற்கை வால்வு, சீரற்ற இதயத்துடிப்பு, ஸ்டென்ட் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. எங்கே கசிந்தது என்பதும் முக்கியம். அமிலாய்டு நோயாளிக்கு ஆபத்து அதிகம். இதய டாக்டரும் நரம்பியல் டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். அவர்களைப் பேச வைப்பது சில நேரம் குடும்பத்தின் பொறுப்பாகிவிடுகிறது.

அம்மாவுக்கு அன்யூரிசம் வெடித்தது. நாங்களும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என நெருங்கிய ரத்த உறவில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருந்தால் பொதுவாக எடுக்கச் சொல்வார்கள். சிறுநீரகத்தில் பல நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இருந்தாலும் பேசிப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் கட்டாயமில்லை. டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். புகைபிடிப்பவர்கள் மட்டும் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்காமல் இன்றே நிறுத்த வேண்டும், ஏனெனில் வெடிப்பதற்கான காரணங்களில் நம் கையில் இருப்பவற்றில் முக்கியமானவை அதுவும் பிபியும்தான். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம். வயது வந்தவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம் பேருக்கு அன்யூரிசம் இருக்கிறது; பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதே இல்லை. அளவு, இடம், வடிவம், உங்கள் வயது ஆகியவற்றைப் பார்த்து, சிறியதாக இருந்தால் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவார்கள்.